வாரிசு இல்லாத பதினான்கு பேர்

அத்தியாயம் 23

அகதா தன் தம்பிக்கு நான்கு முறை போன் செய்து, நான்கு முறையும் தனேஷின் குரலைக் கேட்டு, ஐந்தாவது முறை செய்யாமல் விட்டுவிட்டாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம். அதற்குப் பிறகு பதினெட்டு நாளாகிறது. அவளும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட்டாய் என்று அந்தத் தம்பி, துணையமைச்சர் டத்தோ கஸ்பார் பத்துமலையும் கேட்கவில்லை. தனேஷ் அவருடைய சிறப்பு அதிகாரி. டத்தோவுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். கூடப் பிறந்த அக்காவும் ஒரு தொந்தரவுதான் என்று அவன் நினைத்திருந்தால், அதில் அவன் தப்பு பாதிதான்.

அவள் கூப்பிட்ட காரணம் இதுதான். ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பழைய வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் தங்கியிருக்கிற குடும்பங்களுக்கு அரசாங்கம் நூற்றுப் பன்னிரண்டு வீடு கட்டுகிறது. வீடுகளுக்குப் போகிற சாலை, பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே போகிறது. அறுபத்தோரு கல்லறைகளையும் மாற்ற வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு வந்து வாரிசு என்று நிரூபித்தால் தனிக் குழி, தனிச் சிலுவை. யாரும் வராவிட்டால், மிச்சமிருக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழி.

அகதா தகப்பனாருக்காகப் போனாள். கவுண்டரில் இருந்தவன் தாள்களைப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

இன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலை எட்டரைக்கெல்லாம் குனோங் ராபாட்டிலிருந்து புறப்பட்டாயிற்று. மகள் ட்ரேசி ஆஸ்பத்திரி லேபில் லீவு சொல்லிவிட்டுக் கார் ஓட்டினாள். பின்னால் வாளி, பிரஷ், சுண்ணாம்பு, செவ்வந்திப் பூ, இரண்டு பெட்டி மெழுகுவர்த்தி.

"மாமா இன்னைக்கும் வரலயா, மம்மி?"

"நவம்பர்னா பார்லிமென்ட் நடக்கும்லா. எட்டு வருஷமா அதான் பதில்."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் கல்லறையில் முதல் மெழுகுவர்த்தியை மகன் ஏற்ற வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். எட்டு வருடமாக அகதாவே தம்பி பெயரைச் சொல்லி ஒன்றை ஏற்றிவிட்டு, அப்புறம் தன்னுடையதை ஏற்றிவந்தாள். அலுத்துக்கொண்டதில்லை. குறைந்தபட்சம் வாய்விட்டு அலுத்துக்கொண்டதில்லை.

கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது அகதாவுக்கு இடமே தெரியவில்லை. நாற்பத்தேழு கல்லறைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய், குழியைச் செம்மண் போட்டு மூடியிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினான்கு சிமெண்டுச் சிலுவைகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றிலும் காண்ட்ராக்டர் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டிருந்தான். தகப்பனார் எட்டு.

மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு பெர்னடெட் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் லயத்தில் இருக்கிறவள். போன வாரம் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். அகதாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"ஒன்னயும் திருப்பி அனுப்பிட்டானா?" என்று கேட்டாள் அகதா.

"ஆமாலா. எங்கப்பா சாவுப் பத்திரம், அந்த சூராட்ல காத்தமுத்துனு இருக்கு. சிலுவையில தோமினிக். 'மக்சிக், இது வேற ஆளு'ன்னுட்டான்."

"எனக்கும் அதேதான். எங்கப்பா பத்துமலைங்கிற பேர்ல செத்தாராம், மார்கஸ்ங்கிற பேர்ல யாரையோ பொதச்சாங்களாம். செத்தவரு வேற, பொதச்சவரு வேறயாம்."

இருவரும் சுற்றிலும் நின்ற சிலுவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மத்தியாஸ், லூக்காஸ், பேதுரு. இந்தப் பதினான்கு பேரையும் அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் வளர்ந்து பெரியவர்களான பிறகு ஞானஸ்நானம் வாங்கியவர்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலும் சாவுப் பத்திரத்திலும் தாய் தகப்பன் வைத்த பெயர். கோயில் பதிவிலும் சிலுவையிலும் உபதேசியார் எழுதிய பெயர். எடுத்துக்கொண்டு போன நாற்பத்தேழு பேரும் பிறந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே பெயர்க்காரர்கள். இதைக் கவுண்டரில் இருந்தவன் கேட்கவும் இல்லை, இவர்களுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை.

"அப்ப இந்தப் பதினாலு பேருக்கும் ஆளு இருக்கு," என்றாள் பெர்னடெட்.

"இருக்கு. நாளைக்குக் காலையில தோண்டுற மிஷின் வந்துரும். போன் போட்டு எல்லாத்தையும் வரச் சொல்லு."

*

கோலாலம்பூரில் அந்நேரம் கஸ்பார் மக்களவையில் தன் இருக்கையில் உட்கார்ந்து வயிற்றெரிச்சல் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முந்தின இரவு நான்கு மணி நேரத் தூக்கம். எதிரே இருந்த கோப்பில் இரண்டு பக்கப் பதில், அதன் பின்னால் ஓர் இணைப்பு. பதிலைப் படித்துவிட்டார். இணைப்பைப் புரட்டவில்லை.

அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்காக ஆறு வருடம் அலைந்தவர் அவர்தான். நிலக் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். சொந்த அமைச்சிலேயே கெஞ்சினார். அவர் பிறந்ததும் அதே லயத்தில்தான். அப்பா கல்லறை விஷயம் என்று நினைவு வந்தபோதெல்லாம், அக்கா பார்த்திருக்கும் என்று விட்டுவிட்டார். அம்மாவின் ஆஸ்பத்திரி, தங்கையின் கல்யாணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அக்கா பார்த்ததுதானே.

கேள்வி நேரத்தில் எழுந்தவர் எதிர்க்கட்சியின் சதாசிவம். பழைய பள்ளிக்கூட வாத்தியார். கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை பையனை உட்கார விடாத ரகம். பேச்செல்லாம் மலாயில். நான் தமிழில் தருகிறேன்.

"சபாநாயகர் அவர்களே, வீடு கட்டுகிறோம் என்கிறார் துணையமைச்சர். நல்லது. அங்கே புதைந்திருப்பவர்களை அள்ளி ஒரே குழியில் போடப்போகிறார்களாமே, அது உண்மையா? செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதாலா?"

ஆளுங்கட்சி வரிசையில் கூச்சல். கஸ்பார் எழுந்தார். மைக்கைத் தட்டிச் சரிசெய்தார்.

"மாண்புமிகு உறுப்பினரின் கட்சி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தோட்டத்தில் ஒரு செங்கல் வைத்ததுண்டா? மழை பெய்தால் லயத்துக்குப் படகில் போக வேண்டியிருந்தது. அப்போது உயிரோடிருந்தவர்களைப் பற்றியே அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை."

சிரிப்பு. மேசைகளைத் தட்டினார்கள். கஸ்பாருக்கு அந்தச் சத்தம் ஒரு காலத்தில் பிடிக்கும். இப்போது காதில் விழுந்தால் வயிறுதான் எரிகிறது.

அவர் பதிலைப் படித்தார். நாற்பத்தேழு குடும்பங்கள் ஒப்புதல் தந்திருக்கின்றன. பதினான்கு கல்லறைகளுக்கு ஆறு மாதம் அறிவிப்பு ஒட்டியும் யாரும் வரவில்லை. சட்டப்படி மரியாதையோடு அடக்கம் செய்யப்படும்.

சதாசிவம் துணைக் கேள்விக்கு எழுந்தார். இந்த முறை குரலில் கேலி இல்லை.

"அந்தப் பதினான்கு பேரின் பெயரை இங்கே வாசிப்பாரா? இது நேரலையில் போகிறது. எங்கேயாவது ஒரு பிள்ளை, ஒரு பேரன் கேட்கலாம் இல்லையா?"

அதிகாரிகள் பகுதியிலிருந்து தனேஷ் ஒரு சீட்டு அனுப்பினான். எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொல்லவும். எல்லாரும் தப்பிக்கிற வழி அதுதான். அதிசயமாக, கஸ்பாருக்கு அன்று தப்பிக்கத் தோன்றவில்லை. நியாயமான கேள்வி. வாசித்தால் என்ன.

இணைப்பைப் புரட்டினார்.

"ஒன்று, மத்தியாஸ். இறப்பு 1974, ஜூன் 2. இரண்டு, லூக்காஸ். இறப்பு 1978, அக்டோபர் 11. மூன்று, தோமினிக்..."

நிதானமாக வாசித்தார்.  ஏழு வரை வந்தார்.

"எட்டு, மார்கஸ். இறப்பு 1989, மார்ச் 19."

அன்று சூசையப்பர் திருநாள். கோயிலில் பூசை முடிந்து பொரியல் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயது கஸ்பார், பந்தியிலிருந்து எழுந்து லயத்துக்கு ஓடினார். அந்தத் தேதியை எந்தத் தாளில் கண்டாலும் அவருக்குத் தெரியும்.

மார்கஸின் தகப்பன் பெயர் தெரியவில்லை என்று தாள் சொன்னது. வாரிசு இல்லை என்று சொன்னது.

கஸ்பார் நின்றுவிடவில்லை. நின்றிருக்க வேண்டும். முப்பது வருட அரசியல் அந்த இடத்தில் அவருக்குப் பதிலாக வாசித்தது. ஒன்பது, பேதுரு. பத்து, யாக்கோபு. குரல் ஒரு நூல்கூட இறங்காமல் பதினான்கையும் வாசித்து முடித்தார். கடைசி வரியும் தாளில் இருந்தது. அதையும் வாசித்தார்.

"இவர்களில் எவருக்கும் வாரிசு இல்லை என்பது உறுதி செய்யப்பட்டுள்ளது."

உட்கார்ந்தார். பக்கத்து உறுப்பினர் முதுகில் தட்டினார். நன்றாகப் பதில் சொன்னாராம்.

*

ட்ரேசியின் போனில் அகதா அதைக் கேட்டாள். சுண்ணாம்பு பிரஷ் கையிலேயே இருந்தது. பெர்னடெட்டும், போன் செய்து வரவழைத்த பத்துப் பன்னிரண்டு பேரும் கூட நின்று கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"மாமா தெரிஞ்சே வாசிச்சாரா?" என்றாள் ட்ரேசி.

"ஏழு வரைக்கும் தெரியாம வாசிச்சான்," என்றாள் அகதா. "எட்டுக்கு அப்பறம் தெரிஞ்சு வாசிச்சான். தம்பி குரலு எனக்குத் தெரியாதா?"

ட்ரேசி போனை உயர்த்திச் சிலுவைகளையும் பக்கத்தில் நின்ற ஆட்களையும் படமெடுத்தாள். "இத அந்த சதாசிவத்துக்கு அனுப்புறேன். ரெண்டு நிமிஷத்துல நாடே பாக்கும்."

"அனுப்பாத."

"ஏன் மம்மி? இன்னும் ஒங்க தம்பிய காப்பாத்தணுமா?"

"அவனுக்காக இல்ல. நம்ம அப்பன தூக்கி அவங்க கைல குடுத்தா, அவங்க கொஞ்ச நாள் வெச்சு விளையாடுவாங்க. மிஷின் காலையில எட்டுக்கு வரும். அத அவங்களா நிறுத்துவாங்க?"

பதினொன்றே முக்காலுக்கு அகதாவின் போன் அடித்தது. தனேஷ் இல்லை. தம்பியே பேசினான். நாடாளுமன்றத்தில் லிப்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்று, அடித்தொண்டையில்.

"அக்கா. நான்தான்."

"தெரியுது."

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

 நான்கு முறை கூப்பிட்டதை அவளால் சொல்லியிருக்க முடியும். சொன்னால் சண்டையாகும். சண்டை போடுகிற தெம்பு அவளுக்கு இல்லை.

"சரி, நான் முடிச்சிட்டேன்," என்றார் கஸ்பார் வேகமாக. "தனேஷ் மாவட்ட ஆபிஸ்ல பேசிட்டான். எட்டாம் நம்பர லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவாங்க. அப்பாவுக்கு தனிக் குழி. சத்தமில்லாம முடிஞ்சிரும். நீ ஒன்னும் செய்ய வேணாம்."

"மத்த பதிமூணு பேரு?"

"யாரு?"

"மூணாம் நம்பரு பெர்னடெட்டோட அப்பா காத்தமுத்து, கஸ்பார். ஒனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவரு. பேதுருங்கிறது நம்ம லயத்துக்குத் தண்ணி தொறந்துவிட்ட கங்காணி. எல்லாத்துக்கும் செக்ரோல்ல ஒரு பேரு, சிலுவையில ஒரு பேரு. எல்லாத்தோட பிள்ளைங்களும் இங்கதான் நிக்கிறாங்க. நீ வாரிசு இல்லைன்னு வாசிச்சத கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

கஸ்பார் சுவரில் சாய்ந்தார். 

"அக்கா, நான் சபையில தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்ன நடக்கும் தெரியுமா? வேலைய நிறுத்தணும். வருஷக் கடைசிக்குள்ள ரோடு முடியலன்னா ஒதுக்கீடு திரும்பிப் போயிரும். ஆறு வருஷம் அக்கா. நூத்துப் பன்னெண்டு குடும்பம் மறுபடியும் தண்ணியில."

அகதா போனைப் பெர்னடெட்டிடம் நீட்டினாள். "தண்ணியில இருக்கிறவ இவ. இவகிட்டயே கேளு."

"தம்பி, நான் பெர்னடெட் பேசுறேன்," என்றாள் அவள். "எனக்கு வீடும் வேணும், எங்கப்பாவும் வேணும். ரெண்டும் கேட்டா பேராசையாப்பா?"

 அகதா போனைத் திரும்ப வாங்கினாள்.

"அஞ்சு மணிக்கு ஃபாதர் வந்து மந்திரிப்பாரு. எட்டு வருஷமா ஒன் பேர்ல நான் ஏத்துனேன். இந்த வருஷம் ஏத்த மாட்டேன் கஸ்பார். எனக்கு முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கஸ்பார் சமாளித்திருப்பார்.

*

பகல் இரண்டரைக்குச் சபை மறுபடியும் கூடியது. தனேஷ் ஒரு கடிதம் தயாரித்து வைத்திருந்தான். பதினான்கு என்பதைப் பதின்மூன்று என்று சபைக் குறிப்பில் திருத்தக் கோரும் கடிதம். எழுத்துப் பிழை என்று காரணம் போட்டிருந்தான்.

"கையெழுத்து போட்டா போதும் டத்தோ. யாரும் கவனிக்கமாட்டாங்க."

"தனேஷ், என் அக்கா உனக்குப் போன் செஞ்சாங்களா?"

 "நாலு தடவ, டத்தோ. நீங்கதான் சொன்னீங்க, ஃபேமிலி கால்ஸ் எல்லாம் அப்பறம்னு."

கஸ்பார் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சபாநாயகரிடம் போய், விளக்கம் சொல்ல இரண்டு நிமிடம் கேட்டார்.

எழுந்து நின்றபோது கையில் தாள் இல்லை. எதிரே சதாசிவம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சபாநாயகர் அவர்களே, காலையில் நான் பதினான்கு பெயர்களை வாசித்தேன். எவருக்கும் வாரிசு இல்லை என்றேன். அது தவறு. எட்டாவது பெயர் மார்கஸ். தோட்டத்தில் அவருக்குப் பத்துமலை என்று பெயர். நான் அவருடைய மகன்."

சதாசிவம் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எட்டாவது பெயரை வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் மீதியை வாசித்து முடித்தேன். மற்ற பதின்மூன்று பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் பொருந்தவில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். அந்தக் கல்லறைகளைத் தொடுவதை இரண்டு வாரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடு கட்டுவதை நிறுத்தக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

பின்வரிசை எதிர்க்கட்சியினர் விழித்துக்கொண்டார்கள். பதவி விலகு என்று ஒருவர் ஆரம்பித்தார், நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். சபைக்குப் பொய் சொன்னவர் என்றார் இன்னொருவர். சதாசிவம் பாதி எழுந்தார். என்ன கேட்க நினைத்தாரோ, கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். ஆளுங்கட்சி வரிசையில் ஒரு கைகூட மேசையைத் தட்டவில்லை. காலையில் முதுகில் தட்டியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்பார் வெளியே வந்தபோது மணி இரண்டு ஐம்பது. இப்போது புறப்பட்டால் ஐந்துக்குள் ஏழாங்கட்டைக்குப் போய்விடலாம். டிரைவரைக் காரை எடுக்கச் சொன்னார். படியிறங்கும்போது தனேஷ் ஓடி வந்து போனை நீட்டினான். அமைச்சரின் செய்தி. ஐந்து மணி, என் அறை. மிஷினை நிறுத்துகிற உத்தரவில் கையெழுத்துப் போடக்கூடியவரும் அதே அமைச்சர்தான்.

கஸ்பார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி ஒருவர் ஓடி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

*

மழை இரண்டரைக்கே ஆரம்பித்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். பதின்மூன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரிந்தது. அணைந்தவற்றை மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். எட்டாம் நம்பரில் மட்டும் சுண்ணாம்பும் பூவும் இருந்தன, விளக்கு இல்லை.

சபையில் நடந்ததை எல்லாரும் ட்ரேசியின் போனில் பார்த்துவிட்டார்கள். பெர்னடெட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அகதா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா. அஞ்சு மணிக்கு அமைச்சர் கூப்பிட்டிருக்காரு. நான் போகலன்னா மிஷின நிறுத்த ஆர்டர் வராது. போனா அங்க வர முடியாது." கஸ்பார் சிறு பையனைப் போலக் கேட்டார். "நான் என்ன செய்யட்டும்?"

அகதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையில் வராத அழுகை. முப்பது வருடத்தில் அவன் அவளிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் முறை.

"அமைச்சர்கிட்ட போ," என்றாள்.

"மெழுகுவத்தி?"

"இங்கதான் இருக்கு. ஒன்னோடத நீதான் ஏத்தணும், நான் தொட மாட்டேன். நாளைக்கு வந்து ஏத்து. கல்லறை இருந்தா."

போனை வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு புது மெழுகுவர்த்தியை எடுத்தாள். காலி மைலோ டின்னுக்குள் அதைப் போட்டு, கூடவே தீப்பெட்டியும் வைத்து, மழை உள்ளே போகாமல் மூடியை அழுத்தி மூடினாள். எட்டாம் நம்பர் சிலுவையின் அடியில் டின்னை வைத்தாள்.

ஐந்து மணிக்கு ஃபாதரின் கார் சேற்றில் திரும்பி உள்ளே வந்தது. அதற்குப் பின்னால், மஞ்சள் விளக்கு சுழல, மிஷினை ஏற்றிய லாரியும் வந்துகொண்டிருந்தது. நாளைக் காலை வேலைக்கு இன்றைக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அகதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றாள். பெர்னடெட் மூன்றாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் தங்கள் நம்பருக்கு முன்னால் போய் நின்றார்கள்.